கடன் கணக்கு: எழுதிக் கேளுங்கள், தேதியோடு கேளுங்கள்

2024 மே 18, சனிக்கிழமை சாயங்காலம். திருமுல்லைவாயலிலிருந்து ஓர் அம்மா மஞ்சப்பையோடு வந்தார். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஏற்றுமதி ஆடை தைக்கும் கம்பெனியில் சூப்பர்வைசர். பையை மேஜைமேல் கவிழ்த்தார். மூன்று பாஸ்புக், ரப்பர் பேண்டு போட்ட சலான் கட்டு, பழைய காலண்டர் அட்டையின் பின்பக்கம் மாதாமாதம் எழுதி வந்த டியூ கணக்கு. பதினான்கு வருடக் கணக்கு அது. ஒரு மாதம்கூட விட்டுப்போகவில்லை.

வீட்டுக் கடனின் கடைசிப் பணத்தை அவர் கட்டியது ஜனவரி 12. நான்கு மாதம் ஓடிவிட்டது. வீட்டுப் பத்திரம் மட்டும் கைக்கு வரவில்லை. "அஞ்சு தடவை போயிட்டேன் சார். ஃபைல் ஹெட் ஆபீஸ்ல இருக்கு, வந்ததும் போன் பண்றோம்னு சொல்றாங்க" என்றார்.

விரல்விட்டு எண்ணிப் பார்த்தோம். ரிசர்வ் வங்கி விதிப்படி, கடன் முழுதாக அடைந்த 30 நாளுக்குள் அசல் ஆவணங்களைத் திருப்பித் தர வேண்டும். அந்தக் கெடு பிப்ரவரி 11-ல் முடிந்துவிட்டது. அதன் பிறகு வங்கியின் பக்கம் தவறு இருந்தால் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 5,000 ரூபாய் இழப்பீடு. பிப்ரவரி 12 முதல் மே 18 வரை 97 நாள். 4,85,000 ரூபாய். அந்த அம்மா தொகையைப் பார்த்துவிட்டு நம்பாமல் என்னைப் பார்த்தார்.

"அஞ்சு தடவை போனீங்களே, ஒரு தடவையாவது எழுதிக் கொடுத்தீங்களாம்மா?" என்று கேட்டேன். இல்லை. வாயால் கேட்டார், வாயால் பதில் வாங்கினார். போன தேதிகூட நினைவில்லை. பதினான்கு வருடம் டியூ கட்டிய தேதியையெல்லாம் அட்டையில் எழுதி வைத்தவர், தனக்கு வரவேண்டியதைக் கேட்டுப் போன தேதியை எழுதவில்லை. மேலே சொன்ன விதி அவருக்கு எவ்வளவு பயன்பட்டது என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

இந்த அத்தியாயத்துக்குக் காரணமே அவர்தான். கடன் கொடுத்தவரிடம் இருக்கும் கணக்கு உங்களுடைய கணக்கும்தான். அதைப் பார்க்கவும் நகல் வாங்கவும் தவறு இருந்தால் திருத்தக் கேட்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. தயவு செய்து யாரும் இதை வங்கி செய்யும் உபகாரமாக நினைக்காதீர்கள்.

கையெழுத்துப் போடும் நாள்

கடன் கிடைத்துவிட்டது என்ற நிம்மதியில் காட்டுகிற இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டுவிட்டு வெறுங்கையோடு வீட்டுக்கு வருகிறவர்களே அதிகம். கையெழுத்திட்ட கடன் ஒப்பந்தத்தின் ஒரு நகலையும், அதில் குறிப்பிட்ட இணைப்புகள் ஒவ்வொன்றின் நகலையும் கடனாளிக்குத் தர வேண்டும் என்று வங்கிகளுக்கான நியாய நடைமுறை விதி 2003-லிருந்தே சொல்கிறது. வங்கி அல்லாத நிதி நிறுவனங்களுக்கும் இதே கடமை உண்டு. அவர்கள் கடன் விவரத்தைக் கடனாளிக்குப் புரிகிற மொழியில் தர வேண்டும். ஆவடி மார்க்கெட் பக்கம் மாடியில் இயங்கும் நிதி நிறுவனக் கிளையில் தமிழ் நகல் கேட்டு, "அப்படியெல்லாம் கிடையாதுங்க" என்று பதில் வந்தால், அந்தப் பதிலை எழுதித் தரச் சொல்லுங்கள். பெரும்பாலும் அதன் பிறகு நகல் கிடைத்துவிடும்.

2024 அக்டோபர் 1 முதல் தனிநபர்களுக்கும் சிறுதொழில்களுக்கும் தரும் புதிய தவணைக் கடன்களுக்கு இன்னொரு தாளும் கட்டாயம். முக்கிய விவர அறிக்கை என்று பெயர். கவுன்ட்டரில் கே.எஃப்.எஸ். என்று கேட்டால் புரியும். வட்டி, பிராசஸிங் கட்டணம், காப்பீடு, சட்டக் கருத்துக் கட்டணம் எல்லாவற்றையும் சேர்த்து ஆண்டுக்கு உண்மையில் எத்தனை சதவீதம் ஆகிறது என்ற ஒற்றை எண் அதில் இருக்கும். "ஒன்பது பர்சென்ட்தான் சார்" என்று வாயால் சொன்ன கடன், இந்தத் தாளில் பத்தையும் பதினொன்றையும் தொடுவது உண்டு. உங்களுக்குப் புரியும் மொழியில் இந்தத் தாளை எழுதி, விளக்கிச் சொல்லி, புரிந்தது என்று உங்களிடம் ஒப்புதல் வாங்க வேண்டும். இதில் இல்லாத கட்டணத்தை உங்கள் வெளிப்படையான சம்மதம் இல்லாமல் பிறகு வசூலிக்க முடியாது. மூன்று வருடம் கழித்து ஸ்டேட்மென்டில் புதுக் கட்டணம் ஒன்று முளைத்தால், அதை எதிர்க்க உங்களிடம் இருக்கும் ஒரே ஆயுதம் இந்தத் தாள்தான். ஒப்பந்த நகலோடு சேர்த்துப் பத்திரமாக வையுங்கள்.

செல்போன் ஆப் மூலம் கடன் வாங்கியவர்களுக்கும் இதே உரிமை உண்டு. டிஜிட்டல் கையெழுத்திட்ட ஆவணங்கள் கடன் ஒப்பந்தம் முடிந்ததும் தானாகவே மின்னஞ்சலிலோ எஸ்.எம்.எஸ்.ஸிலோ வந்துசேர வேண்டும். வரவில்லையென்றால் அந்த ஆப்புக்குப் பின்னால் ரிசர்வ் வங்கியில் பதிவு பெற்ற நிறுவனம் இருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள்.

டியூ போகிறது, கடன் குறைகிறதா?

ஆவடி, பட்டாபிராம், திருநின்றவூர், காட்டுப்பாக்கம் பக்கம் கடந்த பத்துப் பதினைந்து வருடத்தில் எழும்பிய வீடுகளில் பெரும்பாலானவை கடனில் கட்டியவை. அவற்றின் டியூ ஒவ்வொரு மாதமும் கணக்கிலிருந்து தானாகப் போகிறது. தொகை மாறாததால் எல்லாம் சரியாக இருக்கிறது என்று நினைத்துவிடுகிறோம். அங்கேதான் ஏமாந்துபோகிறோம். இந்தக் கணக்கைக் கொஞ்சம் பொறுமையாகப் பாருங்கள்.

2022 ஏப்ரலில் ஒருவர் 20 லட்சம் ரூபாய் வாங்கினார் என்று வைத்துக்கொள்வோம். 20 வருடம், 7 சதவீத மாறும் வட்டி. மாத டியூ 15,506 ரூபாய். முதல் மாதம் அதில் வட்டிக்குப் போவது 11,667, அசலில் கழிவது 3,839. அடுத்த மாதமே ரிசர்வ் வங்கி, வங்கிகளுக்குத் தான் தரும் கடனின் வட்டியான ரெப்போவை ஏற்றத் தொடங்கியது. 2022 மே முதல் 2023 பிப்ரவரிக்குள் 4 சதவீதம் 6.5 ஆனது. ரெப்போவோடு பிணைத்த கடன் என்றால் நம்மவரின் வட்டியும் 9.5 ஆகிவிடும். அதற்குள் அசல் 19,75,000-க்கு இறங்கியிருந்தால் மாத வட்டி மட்டுமே 15,635 ரூபாய். அவர் கட்டுவதோ 15,506. வட்டிக்கே 129 ரூபாய் பற்றவில்லை. மாதாமாதம் டியூ கட்டிக்கொண்டே இருக்கிறார், கடன் வளர்ந்துகொண்டே இருக்கிறது. தொகையை மாற்றாமல் தவணைக் காலத்தை மட்டும் நீட்டினால் இப்படித்தான் ஆகும். ஐம்பத்தெட்டு வயதில் முடியவேண்டிய கடன் எழுபதைத் தாண்டி நிற்பதைப் பல பேர் அந்த வருடங்களில்தான் கண்டுபிடித்தார்கள். எத்தனையோ பேருக்கு யாரும் சொல்லவே இல்லை.

இதற்காகத்தான் 2023 ஆகஸ்ட் 18-ல் ரிசர்வ் வங்கி ஒரு விதி கொண்டுவந்தது. மாறும் வட்டியில் மாதத் தவணை கட்டும் தனிநபர் கடன்களுக்கு ஒவ்வொரு காலாண்டு முடிவிலும் ஓர் அறிக்கை தர வேண்டும். இதுவரை பிடித்த அசல் எவ்வளவு, வட்டி எவ்வளவு, இப்போதைய டியூ என்ன, இன்னும் எத்தனை டியூ பாக்கி, ஆண்டு வட்டி விகிதம் என்ன என்பவை அதில் இருக்க வேண்டும். வட்டி ஏறும்போது டியூவைக் கூட்டுவதா, காலத்தை நீட்டுவதா, இரண்டும் கலந்தா என்று தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு உங்களுக்குத் தர வேண்டும். கடன் வளர்ந்துகொண்டே போகும் அளவுக்குக் காலத்தை நீட்டக் கூடாது.

அறிக்கை கைக்கு வந்ததும் முதலில் "இன்னும் எத்தனை டியூ" என்ற எண்ணைப் பாருங்கள். போன வருடத்துத் தாளில் 180 இருந்தால் இந்த வருடம் 168 இருக்க வேண்டும். கூடியிருந்தாலோ குறையாமல் நின்றாலோ உடனே காரணம் கேளுங்கள். அடுத்தது வட்டி விகிதம். 2025 பிப்ரவரி முதல் டிசம்பர் வரை ரெப்போ 6.5-லிருந்து 5.25-க்கு இறங்கியது. ரெப்போவோடு பிணைத்த வங்கிக் கடன்களில் மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது அந்த மாற்றத்தை உங்கள் வட்டிக்குக் கொண்டுவர வேண்டும். ஏறும்போது மறுமாதமே ஏறிய வட்டி, இறங்கும்போது நின்ற இடத்திலேயே நிற்கிறதா என்று தேதி வைத்துப் பாருங்கள். ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும்: வீட்டுக்கடன் நிறுவனங்கள் ரெப்போவைப் பின்பற்றியாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அவர்கள் தங்களுக்கென்று ஓர் அடிப்படை விகிதம் வைத்திருப்பார்கள். உங்கள் கடன் எந்த வகை என்பது ஒப்பந்தத்தில் இருக்கும்.

பிறகு அபராத வரிகளைப் பாருங்கள். 2024 ஏப்ரல் முதல் புதிய கடன்களில் தவணை தவறியதற்குக் கட்டணம் மட்டுமே போடலாம். அதை வட்டி விகிதத்தோடு கூட்டவோ, அந்தக் கட்டணத்தின்மேல் மறுபடி வட்டி போடவோ கூடாது. வட்டி எந்தத் தேதியிலிருந்து ஓடுகிறது என்பதையும் விடாதீர்கள். பணம் கைக்கு வருமுன்பே, கடன் அனுமதியான நாளிலிருந்தே சில நிறுவனங்கள் வட்டி போட்டதை 2024 ஏப்ரல் 29-ல் ரிசர்வ் வங்கியே கண்டித்து, அப்படி வாங்கிய பணத்தைத் திருப்பித் தரச் சொன்னது. பேங்கர்ஸ் செக்கை எழுதி வைத்துக்கொண்டு பத்து நாள் கழித்துக் கையில் கொடுத்த கடன்களும் இதில் அடக்கம்.

குழுக் கடன், நகைக் கடன்

மகளிர் குழுக் கடனில் எல்லாமே அட்டையில்தான் நிற்கிறது. 2022 ஏப்ரல் முதல் நடப்பில் உள்ள நுண்கடன் விதிப்படி, ஒவ்வொரு பெண்ணுக்கும் அவருக்குப் புரியும் மொழியில் கடன் அட்டை தர வேண்டும். கட்டிய ஒவ்வொரு தவணைக்கும் அதில் வரவு பதிய வேண்டும். கடன் முடிந்தால் முடிந்தது என்றும் எழுத வேண்டும். அட்டையைக் குழுத் தலைவியிடமே கொடுத்து வைத்திருப்பவர்கள் இன்றைக்கே போய் வாங்கி உங்கள் பெட்டியில் வையுங்கள். தலைவி நல்லவராகவே இருக்கட்டும், உங்கள் வரவு எழுதிய அட்டை உங்களிடம்தான் இருக்க வேண்டும்.

நகைக் கடனுக்கு 2025 ஜூனில் ரிசர்வ் வங்கி வகுத்த புதிய விதிகள் உள்ளன. நிறுவனங்கள் 2026 ஏப்ரல் 1-க்குள் அவற்றுக்கு மாறியாக வேண்டும். நகையை உங்கள் கண்முன் எடை போட்டு, தரம் பார்த்து, கல் எடை கழித்த விவரத்தோடு சான்று தர வேண்டும். பணம் கட்டி முடித்த அன்றே, மிஞ்சிப்போனால் 7 வேலை நாளுக்குள் நகை திரும்ப வேண்டும். அவர்கள் தவறால் தாமதமானால் இங்கேயும் நாளுக்கு 5,000. தெருமுனை அடகுக்கடைக்கு இந்த விதி பொருந்தாது. ஆனால் அடகுச் சீட்டு தராமல் நகை வாங்க 1943-ஆம் ஆண்டு அடகுக்காரர் சட்டம் அவர்களையும் விடுவதில்லை. சீட்டு இல்லாமல் நகையைக் கழற்றிக் கொடுக்காதீர்கள்.

கடன் முடிந்த பிறகு

இனி நம் அம்மாவின் பிரச்சினை. 2023 செப்டம்பர் 13-ல் வந்த விதி, அதே வருடம் டிசம்பர் 1 முதல் நடப்பில் உள்ளது. வங்கி, நிதி நிறுவனம், வீட்டுக்கடன் நிறுவனம், கூட்டுறவு வங்கி எல்லாவற்றுக்கும் பொருந்தும். கடன் முழுதாகக் கட்டினாலும், பேசி ஒரு தொகைக்கு முடித்தாலும், 30 நாளுக்குள் அசல் ஆவணங்கள் திரும்பவும், பதிவேடுகளில் எழுதிய பிணை நீங்கவும் வேண்டும். கடன் நடந்த கிளையிலோ, ஆவணம் இருக்கும் வேறு அலுவலகத்திலோ, உங்களுக்கு எது வசதியோ அங்கே வாங்கிக்கொள்ளலாம். அம்பத்தூர்க்காரரை மவுண்ட் ரோடுக்கு வா என்று கட்டாயப்படுத்த முடியாது. தாமதம் என்றால் காரணத்தை அவர்களே தெரிவிக்க வேண்டும். ஆவணத்தைத் தொலைத்துவிட்டால் சான்றிட்ட நகல் எடுத்துத் தருவதும் அதன் செலவும் அவர்கள் பொறுப்பு. அதற்காகக் கூடுதலாக 30 நாள் அவகாசம் உண்டு, ஆக மொத்தம் 60. அதற்குப் பிறகு அந்த 5,000 ஓடத் தொடங்கும். கடன் வாங்கியவர் இறந்துவிட்டால் வாரிசுகளிடம் ஆவணத்தை ஒப்படைக்கும் நடைமுறையை ஒவ்வொரு நிறுவனமும் தன் இணையதளத்தில் வைத்திருக்க வேண்டும்.

பத்திரம் கைக்கு வந்ததோடு வேலை முடிந்தது என்று இருந்துவிடாதீர்கள். நம் ஊரில் கடன் தரும்போது பத்திரத்தை ஒப்படைத்ததற்கான ஆவணத்தை, எம்.ஓ.டி. என்று சொல்வார்களே, அதைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்கிறார்கள். கடன் முடிந்ததும் வங்கி அதிகாரி வந்து ரசீது ஆவணம் எழுதிக் கொடுத்து அதையும் பதிந்தால்தான் வில்லங்கச் சான்றில், அதாவது ஈசியில், கணக்கு நேராகும். இதை விட்டுவிட்டு, பத்து வருடம் கழித்து மகள் கல்யாணத்துக்கு வீட்டை விற்கப் போகும்போது ஈசியில் பழைய அடமானம் நிற்பதைப் பார்த்து அலைந்தவர்கள் உண்டு. அதற்குள் அந்தக் கிளையே இன்னொரு வங்கியோடு இணைந்து பெயர் மாறியிருக்கும். ஆகவே பத்திரம் வாங்கும் அன்றே ரசீது பதிவுக்கு நாள் குறியுங்கள். பதிந்து சில வாரம் கழித்து பதிவுத் துறை இணையதளத்தில் ஈசி போட்டுப் பாருங்கள். செர்சாய் எனும் மத்தியப் பிணைப் பதிவேட்டில் நீக்கியாகிவிட்டதா என்பதை 10 ரூபாய் கட்டணத்தில் யாரும் தேடிப் பார்க்கலாம். வண்டிக் கடன் என்றால், நிதி நிறுவனம் கையெழுத்திட்ட படிவம் 35-ஐயும் தடையில்லாச் சான்றையும் வாங்கிக்கொண்டு உங்கள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் ஆர்.சி.யில் உள்ள பிணைக் குறிப்பை எடுங்கள்.

பத்திரம் வாங்கும்போது நின்று சரிபாருங்கள். கடன் எடுத்த அன்று கொடுத்த ஆவணங்களின் பட்டியலை வைத்துக்கொண்டு, தாய்ப்பத்திரம், கிரையப் பத்திரம், பழைய ஈசி, பட்டா, பிளான் என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்து, பக்கத்தை எண்ணி, அதன் பிறகே "பெற்றுக்கொண்டேன்" என்று கையெழுத்திடுங்கள். கூட்டம் நிற்கிறது என்று யார் அவசரப்படுத்தினாலும் சரி.

பட்டறை வைத்திருப்பவர்களுக்கு

இங்கே ஒரு குறை இருக்கிறது. அந்த 30 நாள் விதி தனிநபர் கடன்களுக்கு மட்டும்: வீடு, படிப்பு, சொந்தச் செலவு போன்றவை. 1964-ல் தொடங்கிய அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத்துப் பட்டறை வைத்து, வீட்டுப் பத்திரத்தை அடமானம் கொடுத்து நடப்பு மூலதனக் கடன் வாங்கியவருக்கு அது எழுத்துப்படி பொருந்தாது. வீட்டுக் கடன்காரருக்கும் பட்டறைக்காரருக்கும் வீடு ஒன்றுதான், பத்திரமும் ஒன்றுதான். இந்த வேறுபாடு நியாயம் என்று எனக்குத் தோன்றவில்லை. ரிசர்வ் வங்கி இதைச் சிறுதொழில்களுக்கும் நீட்ட வேண்டும்.

ஆனால் பட்டறைக்காரர் கையில் வேறொரு பழைய சட்டம் இருக்கிறது. 1882-ஆம் ஆண்டுச் சொத்து மாற்றச் சட்டம். அதன் 60-ஆம் பிரிவு, கடனை அடைத்ததும் அடமானச் சொத்து சம்பந்தமான ஆவணங்களைத் திருப்பிக் கேட்கும் உரிமையைத் தருகிறது. 1929-ல் சேர்த்த 60பி பிரிவு இன்னும் ஒரு படி மேலே போகிறது. கடன் நடந்துகொண்டிருக்கும்போதே, நியாயமான எந்த நேரத்திலும், தன் செலவில், வங்கியிடம் இருக்கும் தன் சொத்தாவணங்களைப் பார்வையிடவும் நகலோ குறிப்போ எடுக்கவும் அடமானம் வைத்தவருக்கு உரிமை உண்டு. பாகப்பிரிவினைக்கோ பட்டா மாற்றத்துக்கோ பத்திர நகல் வேண்டும் என்று கேட்டு "கடன் முடியட்டும், பிறகு பார்க்கலாம்" என்று திருப்பி அனுப்பப்பட்டவர்கள், அடுத்த முறை மனுவில் 60பி என்று எழுதுங்கள். அதைப் படித்தவர் முகம் மாறுவதை நானே பார்த்திருக்கிறேன்.

தவணை தவறி, அடமானச் சொத்தைக் கைப்பற்ற வங்கிக்கு அதிகாரம் தரும் சர்ஃபேசி சட்டத்தின்கீழ் 60 நாள் நோட்டீஸ் வந்துவிட்டால் பயந்து உள்ளே வைத்துவிடாதீர்கள். எவ்வளவு பாக்கி, எந்தச் சொத்து என்ற விவரம் நோட்டீஸிலேயே இருக்க வேண்டும். கணக்கில் தவறு இருந்தால் ஆட்சேபம் எழுதுங்கள். 15 நாளுக்குள் காரணத்தோடு பதில் தருவது அவர்கள் கடமை. ஆட்சேபத்தோடு முழு ஸ்டேட்மென்டையும் கேளுங்கள். பிறகு சொத்தைக் கைப்பற்ற நடவடிக்கை எடுத்தால், 45 நாளுக்குள் சென்னை கடன் வசூல் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். அங்கே நீங்கள் எழுதிய அந்த ஆட்சேபக் கடிதம்தான் முதல் ஆவணம். கணக்கை மோசடி என்று அறிவிக்கப் போகிறார்கள் என்றால், முன்னறிவிப்பு கொடுத்து, தணிக்கை அறிக்கையின் முடிவுகளுக்கு விளக்கம் சொல்ல வாய்ப்புத் தராமல் செய்யக் கூடாது என்று 2023 மார்ச் 27-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. பதில் சொல்லக் குறைந்தது 21 நாள் உண்டு.

எழுதுவது எப்படி

வக்கீல் நடை வேண்டாம். சட்டப் பிரிவுகளை அடுக்கவும் வேண்டாம். அந்த அம்மாவுக்கு அன்று எழுதிக் கொடுத்தது ஏறக்குறைய இதுதான்:

"கிளை மேலாளர் அவர்களுக்கு. ஐயா, என் வீட்டுக் கடன் கணக்கு எண் இது. 12.01.2024 அன்று முழுத் தொகையும் கட்டி முடித்தேன். சலான் நகல் இணைத்துள்ளேன். ரிசர்வ் வங்கியின் 13.09.2023 தேதியிட்ட விதிப்படி 30 நாளுக்குள் தரவேண்டிய என் அசல் ஆவணங்கள் இன்றுவரை வரவில்லை. ஆவணங்களையும், கடன் தொடங்கிய நாள் முதல் முடிந்த நாள் வரையிலான முழு ஸ்டேட்மென்டையும், பாக்கியில்லாச் சான்றையும் இந்தக் கிளையிலேயே தரும்படி கேட்டுக்கொள்கிறேன். தாமதத்துக்குக் காரணம் என்ன, ஆவணம் இப்போது எங்கே இருக்கிறது என்பதையும் எழுத்தில் தெரிவிக்கவும். விதிப்படியான இழப்பீட்டைக் கோரும் என் உரிமையை நான் விட்டுக்கொடுக்கவில்லை."

இரண்டு பிரதி எடுங்கள். ஒன்றைக் கொடுத்து, மற்றதில் தேதியோடு சீல் வாங்குங்கள். சீல் போட மறுத்தால் சண்டை வேண்டாம். பக்கத்துத் தபால் ஆபீஸில் ஸ்பீடு போஸ்டில் அனுப்பி ரசீதை ஒட்டி வையுங்கள். வங்கியின் குறைதீர்ப்பு மின்னஞ்சலுக்கும் அனுப்பிப் புகார் எண் வாங்குங்கள். 2025 நவம்பரில் ரிசர்வ் வங்கி தன் பழைய சுற்றறிக்கைகளைத் திரட்டிப் புதிய தொகுப்புகளாக வெளியிட்டது. ஆகவே "அந்தச் சர்க்குலர் இப்போது இல்லை" என்று யாராவது சொன்னால் தடுமாறாதீர்கள். தலைப்பும் எண்ணும்தான் மாறியிருக்கின்றன, உரிமை அப்படியே இருக்கிறது.

முப்பது நாள் கழிந்தும் பதில் இல்லையென்றால்

வங்கி, பெரும்பாலான நிதி நிறுவனங்கள் என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளர். நீங்கள் எழுதிக் கொடுத்து 30 நாள் கழிந்திருக்க வேண்டும், அல்லது வந்த பதில் திருப்தி தராமல் இருக்க வேண்டும். எழுதியே கொடுக்காதவரின் மனு அங்கே நிற்காது. கட்டணம் கிடையாது, வக்கீல் தேவையில்லை. ரிசர்வ் வங்கியின் சி.எம்.எஸ். தளத்தில் பதியலாம், சண்டிகரில் உள்ள மையத்துக்குத் தபாலிலும் அனுப்பலாம். சந்தேகம் இருந்தால் 14448 என்ற இலவச எண்ணில் தமிழிலும் கேட்கலாம். காலம் கடத்தாமல் போய்விடுங்கள். வீட்டுக்கடன் நிறுவனங்கள் 2021-ஆம் ஆண்டின் குறைதீர்ப்பாளர் திட்டத்தில் அடங்கவில்லை. அவர்கள்மேல் புகார் என்றால் தேசிய வீட்டுவசதி வங்கியின் கிரிட்ஸ் தளத்தில் பதிய வேண்டும். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு மாதக்கணக்கில் காத்திருந்தவர்கள் இருக்கிறார்கள்.

பொதுத்துறை வங்கி என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டமும் உதவும். உங்கள் சொந்தக் கடன் கணக்கின் ஸ்டேட்மென்ட், உங்கள் கோப்பு எந்தத் தேதியில் எந்த அலுவலகத்துக்குப் போனது என்ற விவரம் ஆகியவற்றைக் கேளுங்கள். 10 ரூபாய் கட்டணம், 30 நாளில் பதில். அடுத்தவர் கணக்கைக் கேட்டால் கிடைக்காது. தனியார் வங்கிக்கு இந்த வழி கிடையாது.

நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதானால் நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம். சேவைக்காக நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சத்தைத் தாண்டாவிட்டால் கட்டணம் இல்லை. ஆவடி, பூந்தமல்லி வட்டத்தில் இருப்பவர்களுக்குத் திருவள்ளூர். அம்பத்தூர் வட்டம் 2018-ல் சென்னை மாவட்டத்தோடு சேர்ந்துவிட்டதால் அங்கிருப்பவர்கள் சென்னைக்குப் போக வேண்டும். பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவசச் சட்ட உதவி உண்டு. அழைக்கவேண்டிய எண் 15100.

கிரெடிட் ரிப்போர்ட்டை மறந்துவிட வேண்டாம். சிபில், ஈக்விஃபேக்ஸ், எக்ஸ்பீரியன், கிரிஃப் ஹைமார்க் என்ற நான்கு நிறுவனங்களும் வருடத்துக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். கட்டி முடித்த கடன் அதில் இன்னும் பாக்கி என்று நின்றால் புகார் கொடுங்கள். 30 நாளுக்குள் தீர்க்காவிட்டால், 31-ஆம் நாளிலிருந்து நாளுக்கு 100 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும். நண்பருக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டவர்கள் இந்த அறிக்கையைக் கட்டாயம் பார்க்க வேண்டும். அவர் தவறவிட்ட தவணை உங்கள் பெயரிலும் ஏறியிருக்கலாம்.

திருமுல்லைவாயல் அம்மா மே 20-ஆம் தேதி கடிதத்தைக் கொடுத்துச் சீல் வாங்கினார். பதினோராம் நாள் பத்திரம் கைக்கு வந்தது. நான்கு மாதமாக எங்கோ இருந்த ஃபைல், ஒரு தாளுக்குப் பதினொரு நாளில் வந்துவிட்டது. இழப்பீடு மட்டும் வரவில்லை. ஆவணம் தயாராகவே இருந்ததாகவும், அவர்தான் வந்து வாங்கவில்லை என்றும் கிளை எழுதிக் கொடுத்தது. ஐந்து தடவை போனதைக் காட்ட அவரிடம் ஒரு துண்டுச் சீட்டு இல்லை. குறைதீர்ப்பாளரிடம் போகலாம், விதி உங்கள் பக்கம்தான் என்று சொன்னேன். "பத்திரம் கிடைச்சிதே, போதும் சார். லீவு போட்டு அலைய முடியாது" என்றார். நாள் சம்பளத்தை விட்டுவிட்டு வந்தவரிடம் அதற்குமேல் என்ன சொல்வது?

இதைப் படிக்கும் நீங்கள் 2023 டிசம்பர் 1-க்குப் பிறகு கடனை முடித்தும் பத்திரம் இன்னும் வங்கியிலேயே இருந்தால், கடைசிப் பணம் கட்டிய சலானைத் தேடி எடுத்து முப்பத்தொன்றாம் நாள் எது என்று எண்ணுங்கள். எண்ணிய கையோடு மேலே உள்ள கடிதத்தை உங்கள் தேதியோடு எழுதி, திங்கட்கிழமை காலையில் கிளையில் கொடுத்துச் சீல் வாங்குங்கள்.